வானத்தை உயில் எழுதி வைத்தவர்: ஹிப்பார்க்கஸின் நட்சத்திரப் பட்டியல் வழக்கு

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி எழுதிய அல்மஜெஸ்ட் என்ற பெருநூலில் ஒரு நட்சத்திரப் பட்டியல் இருக்கிறது. 48 மண்டலங்கள், 1,022 நட்சத்திரங்கள். ராசிச் சக்கரத்தில் அது எத்தனையாவது பாகையில் நிற்கிறது, அந்தச் சக்கரத்துக்கு வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு விலகி இருக்கிறது, ஒளியில் ஒன்றாம் தரமா ஆறாம் தரமா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறார். கி.பி. 137ஆம் ஆண்டு நிலவரம் என்று தேதியும் போட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்தவற்றை ஆறாம் தரம் வரை நாமே கருவி வைத்துப் பார்த்தோம் என்றும் சொல்கிறார்.

அந்த ஆண்டின் வானத்தை இன்று கணினியில் வரவழைத்துவிடலாம். வரவழைத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. முதல் அளவு, அதாவது ராசிச் சக்கரத்தில் எண்ணும் நெட்டாங்கு, சராசரியாக ஒரு பாகை குறைகிறது. கைத்தவறு என்றால் சிலது கூடும், சிலது குறையும். இங்கே மொத்தமும் ஒரே பக்கம் சாய்கிறது. ஒரு பாகை என்பது இரண்டு முழு நிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். வெறுங்கண்ணால் அளந்தவர்களுக்கும் அது பெரிய பிழைதான்.

சந்தேகம் பழசு. 16ஆம் நூற்றாண்டில் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே தொடங்கி பலரும் சொன்னது இது: தாலமி வானத்தைப் பார்க்கவில்லை. தனக்கு 265 ஆண்டு முன்பு வாழ்ந்த ஹிப்பார்க்கஸின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இடையில் நட்சத்திரங்கள் நகர்ந்ததற்காக ஒவ்வொரு நெட்டாங்கிலும் 2 பாகை 40 கலையை (60 கலை ஒரு பாகை) கூட்டி, தன் பெயரில் வெளியிட்டுவிட்டார். அவர் கூட்டியிருக்க வேண்டியது 3 பாகை 40 கலை. குறைந்த ஒரு பாகைதான் மாட்டிக்கொடுத்தது.

இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்பதற்கு, முதலில் சொத்துக்காரர் யார் என்று தெரிய வேண்டும்.

ரோட்ஸ் தீவில் ஒரு சந்தேகப் பேர்வழி

ஹிப்பார்க்கஸ் பிறந்தது பித்தினியாவில் இருந்த நிக்கேயா நகரம். இன்றைய துருக்கியின் இஸ்னிக். காலம் ஏறத்தாழ கி.மு. 190 முதல் 120 வரை. வேலை செய்தது பெரும்பாலும் ரோட்ஸ் தீவில். கி.மு. 147 முதல் 127 வரை அவர் செய்த அவதானிப்புகளைத் தாலமி தேதியோடு எடுத்துக் காட்டுகிறார். குடும்பம், ஆசிரியர், மாணவர்கள் பற்றியெல்லாம் பேச எதுவும் மிஞ்சவில்லை. சொந்த ஊர் மட்டும் மறக்கவில்லை: அவர் இறந்து சில நூற்றாண்டு கழித்து, ரோமப் பேரரசர்கள் காலத்தில், நிக்கேயாவின் நாணயங்களில் அவர் உருவத்தைப் பொறித்தார்கள்.

எழுதியது நிறைய. கைக்கு வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு கண்டன நூல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அராட்டஸ் என்ற கவிஞர் நட்சத்திர மண்டலங்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். பாட்டு பிரமாதமாக ஓடியது. அதற்கு மூலம் யூடாக்சஸ் எழுதிய உரைநடை. ஹிப்பார்க்கஸ் இரண்டையும் எடுத்துப் பிரித்து, எந்த மண்டலம் எப்போது உதிக்கும் என்று இவர்கள் சொன்னது எங்கெங்கே தவறு என்று வரிவரியாக அடுக்குகிறார். அதில் ஓர் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வடதுருவத்தில் அசையாத ஒரு நட்சத்திரம் இருக்கிறது என்று யூடாக்சஸ் எழுதியிருந்தார். ஹிப்பார்க்கஸ், கடலோடி பித்தியஸைச் சாட்சிக்கு அழைத்து, துருவத்தில் ஒன்றுமே இல்லை, அது வெற்றிடம், பக்கத்தில் இருக்கும் மூன்று நட்சத்திரங்களோடு சேர்ந்தால் அந்த இடம் ஒரு நாற்கரத்தின் நாலாவது மூலையாக வரும் என்கிறார். சரியான பேச்சு. இன்று நாம் துருவ நட்சத்திரம் என்று காட்டும் நட்சத்திரம் அன்றைக்குத் துருவத்திலிருந்து 12 பாகை தள்ளி இருந்தது.

அவருடைய மனப்போக்கு இதில் தெரிகிறது. யார் சொன்னாலும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். எரட்டோஸ்தனீஸின் புவியியலையும் இப்படித்தான் குடைந்தார் என்று பிற்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அலுத்துக்கொள்கிறார். தன் அளவுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அலெக்சாந்திரியாவில் ஒரு வெண்கல வளையம் நிறுத்தி வைத்திருந்தார்கள். வான நடுக்கோட்டின் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) தளத்தில் அதைச் சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள். பகலும் இரவும் சமமாகும் நாளில் வளையத்தின் மேல்பாதி நிழல் கீழ்ப்பாதியின்மேல் சரியாக விழும், இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் படும். கி.மு. 146 மார்ச் 24 அன்று அந்த வளையம் காட்டிய நேரமும் ஹிப்பார்க்கஸ் கணித்த நேரமும் ஐந்து மணி நேரம் வித்தியாசப்பட்டன. அவர் அதை மறைக்கவில்லை, எழுதி வைத்தார். இப்படிப்பட்ட அளவுகளில் கால் நாள் வரை பிசகலாம் என்று தன் வேலைக்கும் சேர்த்தே சொன்னார்.

அந்தப் பிசகை வைத்துக்கொண்டே ஆண்டின் நீளத்தைப் பிடித்ததுதான் சாமர்த்தியம். கி.மு. 280இல் அரிஸ்டார்க்கஸ் பார்த்த கோடை அயன நாளையும் (ஆண்டின் மிக நீண்ட பகல்), கி.மு. 135இல் தான் பார்த்ததையும் எடுத்தார். நடுவில் 145 ஆண்டு. இரு முனையிலும் கால் நாள் பிழை இருந்தாலும் 145 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஓர் ஆண்டுக்கு விழுவது சில நிமிடம்தான். விடை: 365¼ நாளில் ஒரு நாளின் 300இல் ஒரு பங்கு குறைவு. அதாவது 365 நாள் 5 மணி 55 நிமிடம். உண்மையைவிட ஆறரை நிமிடம் அதிகம். இந்த ஆறரை நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கில் திரும்ப வரும்.

மற்ற வேலைகளை ஓடிப் பார்த்துவிடலாம். முக்கோணக் கணக்குக்கான முதல் நாண் அட்டவணை அவருடையது என்று கருதப்படுகிறது. ஹெலஸ்பாண்ட் (இன்றைய துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணை) பகுதியில் முழுதாகவும் அலெக்சாந்திரியாவில் ஐந்தில் நான்கு பங்காகவும் தெரிந்த ஒரு சூரிய கிரகணத்தை வைத்துச் சந்திரனின் தூரத்தைக் கணக்கிட்டார். இன்னொரு முறையில் கிடைத்த சராசரி பூமியின் ஆரத்தைப்போல் 67⅓ மடங்கு. உண்மை 60 மடங்கு. தத்துவவாதிகளின் சண்டையில்கூடத் தலையிட்டிருக்கிறார்: 10 கூற்றுகளை எத்தனை விதமாகக் கோக்கலாம் என்ற கேள்விக்கு அவர் விடை 103,049 என்று புளூட்டார்க் குறித்து வைத்தார். இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் புரியாமலே கிடந்தது. 1994இல் ஓர் ஆராய்ச்சி மாணவர், 10 பொருள்களுக்கு இடையே அடைப்புக்குறி போடும் வழிகளின் எண்ணிக்கை அது என்று கவனித்தார். 19ஆம் நூற்றாண்டில் கணிதக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த எண்.

சித்திரை நகர்ந்த கதை

வழக்கின் மையம் அயன சலனம். நம் பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று போட்டிருப்பது இதன் கூட்டுத்தொகையைத்தான். சூரியன் வான நடுக்கோட்டைக் கடந்து பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. நட்சத்திர மேஷத்தில் சூரியன் நுழையும் நம் சித்திரை 1 ஏப்ரல் 14. இடையே இருக்கும் 24 நாள் இடைவெளிதான் இன்றைய 24 பாகைச் சொச்ச அயனாம்சம். கிரேக்கர்கள் எண்ணியது சாயனக் கணக்கு, மேஷத் தொடக்கம் என்றால் சமநாள் புள்ளி. அந்தப் புள்ளி மெதுவாகப் பின்னால் நழுவுவதால், அதிலிருந்து எண்ணும்போது எல்லா நட்சத்திரங்களின் நெட்டாங்கும் கூடிக்கொண்டே போகும்.

ஹிப்பார்க்கஸ் இதைப் பிடித்தது சித்திரை நட்சத்திரத்தை வைத்து. சூரியன் இருக்கும்போது நட்சத்திரம் தெரியாது. பிறகு எப்படிச் சூரியனிலிருந்து சித்திரை எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்று அளப்பது? சந்திர கிரகணத்துக்காகக் காத்திருந்தார். கிரகணத்தின் நடுவேளையில் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே, 180 பாகையில் நிற்கும். அன்றைக்குச் சூரியன் எங்கே என்று கணக்கில் தெரியும், எனவே சந்திரன் எங்கே என்பதும் தெரியும். கிரகணம் பிடித்த நிலவிலிருந்து சித்திரை வரை கருவியால் அளந்தால் போதும். விடை: துலாமின் தொடக்கமான சமநாள் புள்ளிக்கு மேற்கே 6 பாகை.

அலெக்சாந்திரியாவில் டிமோக்காரிஸ் என்பவர் கி.மு. 294இலும் 283இலும் இதே நட்சத்திரத்தைப் பார்த்திருந்தார். அவர் கணக்கில் 8 பாகை. நூற்றைம்பது, நூற்றறுபது ஆண்டில் 2 பாகை நகர்வு. டிமோக்காரிஸ் அளந்ததே தப்பு என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் போயிருப்பார்கள். இவர் மற்ற நட்சத்திரங்களையும் சரிபார்த்து, நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறவில்லை, மொத்தச் சட்டகமும் நகர்கிறது என்ற முடிவுக்கு வந்தார். வேகத்தைச் சொல்லும்போது அவருக்கே உரிய எச்சரிக்கை: நூறாண்டுக்கு ஒரு பாகைக்குக் குறையாது. உண்மையான வேகம் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. அவர் சொன்ன கீழ் எல்லைக்குள் அது ஒழுங்காக அடங்குகிறது.

பட்டியல் போடத் தூண்டியது என்ன என்பதற்கு ரோமானியர் மூத்த பிளினி ஒரு கதை சொல்கிறார். வானத்தில் புதிதாக ஒரு நட்சத்திரம் முளைத்தது. அதைப் பார்த்த ஹிப்பார்க்கஸுக்கு, மற்றவையும் பிறந்து இறந்து நகர்கின்றனவோ என்ற ஐயம் வந்தது. அதைப் பின்னால் வருகிறவர்கள் சரிபார்க்கட்டும் என்று ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இடமும் ஒளி அளவும் குறித்து வைத்தார். கடவுளே தயங்கக்கூடிய காரியம் என்று பிளினி வியக்கிறார். அப்புறம் சொல்கிறார்: வானத்தை எல்லோருக்கும் வாரிசுச் சொத்தாக விட்டுப் போனார், உரிமை கோர ஆள்தான் வர வேண்டும் என்று.

ஆள் வந்தார். அவர் பெயர் தாலமி.

சாட்சியங்கள்

மகம் நட்சத்திரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தாலமி தன் முறையை விளக்க எடுத்துக்கொண்டது அதைத்தான். கி.பி. 139 பிப்ரவரியில் ஒரு மாலை. சூரியன் மறையும் தறுவாயில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தார். அரை மணி கழித்து இருட்டியதும் சந்திரனுக்கும் மகத்துக்கும் இடைப்பட்ட தூரம். அரை மணியில் சந்திரன் நகர்ந்ததைச் சரிக்கட்டினார். மகம் சிம்மத்தில் 2 பாகை 30 கலை என்று வந்தது. ஹிப்பார்க்கஸ் காலத்தில் கடகத்தில் 29 பாகை 50 கலை. வித்தியாசம் 2 பாகை 40 கலை. இடைவெளி 265 ஆண்டு. நூறாண்டுக்கு ஒரு பாகை, கச்சிதம்.

கச்சிதமாக இருப்பதுதான் பிரச்சினை. 265 ஆண்டில் மகம் உண்மையில் 3 பாகை 40 கலைக்கும் மேல் நகர்ந்திருந்தது. ஹிப்பார்க்கஸ் கீழ் எல்லையாகச் சொன்னதைத் தாலமி இறுதி எண்ணாக எடுத்துக்கொண்டார், அப்புறம் வானமும் அதற்கு ஒத்துழைத்ததாக எழுதினார்.

இதற்குப் பழைய எதிர்வாதம் ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் சொன்னது. மகத்தை அளக்கச் சூரியன் எங்கே என்று தெரிய வேண்டும், அதற்குத் தாலமி தன் சூரிய அட்டவணையைப் பார்த்தார். அந்த அட்டவணையே ஒரு பாகை பின்தங்கி இருந்தது. ஆக நேர்மையாக அளந்திருந்தாலும் எல்லா நட்சத்திரமும் ஒரு பாகை குறைந்துதான் வரும். நல்ல வாதம். பட்டியலின் ஒரு பாகைச் சரிவை இது தனியாகவே விளக்கிவிடுகிறது. டைக்கோ தரப்பின் முதல் சாட்சியம் இங்கே பாதி பலம் இழக்கிறது.

சரி, சூரிய அட்டவணை ஏன் பின்தங்கியது? இங்கேதான் அந்த ஆறரை நிமிடம் வருகிறது. தாலமி ஹிப்பார்க்கஸின் ஆண்டு நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டார். அதைத் தானே சோதித்ததாகவும் எழுதினார். ஹிப்பார்க்கஸ் கி.மு. 147 செப்டம்பரில் ஒரு சமநாளை நள்ளிரவு என்று குறித்திருந்தார். 285 ஆண்டு கழித்து, கி.பி. 139 செப்டம்பர் 26இல், சூரியன் உதித்து ஒரு மணி நேரத்தில் சமநாள் வந்ததை மிகக் கவனமாகப் பார்த்தோம் என்கிறார் தாலமி. 365 நாள் கொண்ட 285 ஆண்டுகளுக்கு மேல் மிகுந்தது 70 நாளும் ஒரு நாளில் பத்தில் மூன்று பங்கும். ஹிப்பார்க்கஸின் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 285இல் கால் பங்கு 71.25, 285இல் 300இல் ஒரு பங்கு 0.95, கழித்தால் 70.30. மயிரிழை பிசகவில்லை. உண்மையில் மிகுந்திருக்க வேண்டியது 69 நாள் சொச்சம். அந்தச் சமநாள் தாலமி பார்த்ததாகச் சொல்லும் நேரத்துக்கு ஒரு நாளுக்கும் மேலாக முன்பே முடிந்து போயிருந்தது.

ஒரு வளையத்தில் ஐந்து மணி நேரம் பிசகுவதை நம்பலாம். முப்பது மணி நேரம் பிசகி, அதுவும் சூத்திரம் சொன்ன மணிக்கே வந்து விழுவதை நம்ப முடியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வானியலாளர் டெலாம்ப்ர் இதைக் கணக்கோடு காட்டினார். 1977இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் நியூட்டன், தாலமியை மோசடிக்காரர் என்றே அழைத்து ஒரு நூல் முழுக்க வாதாடினார்.

நட்சத்திரப் பட்டியலுக்கு நியூட்டன் கொண்டுவந்த சாட்சியம் பின்னங்கள். அகலாங்கில், அதாவது ராசிச் சக்கரத்துக்கு வடக்கு தெற்கு விலகலில், முழுப் பாகையாக முடியும் எண்கள் அதிகம். இயல்புதான், அளப்பவர் முழு எண்ணுக்கு உருட்டுவார். நெட்டாங்கிலோ 40 கலையில் முடியும் எண்கள் குவிந்து கிடக்கின்றன. 40 கலையில் யாரும் உருட்டமாட்டார்கள். முழுப் பாகையாக இருந்த ஒரு பட்டியலில் 2 பாகை 40 கலையைக் கூட்டினால் மட்டும்தான் இந்தக் குவியல் வரும் என்றார். படிக்கும்போதே கையும் களவுமாகப் பிடித்தது போல இருக்கும்.

1982இல் டென்னிஸ் ராலின்ஸ் இன்னொன்றைச் சேர்த்தார். ரோட்ஸ் 36 பாகை வடக்கில் இருக்கிறது, அலெக்சாந்திரியா 31இல். ஐந்து பாகை தெற்கே இருப்பதால் அலெக்சாந்திரியாவின் தென் அடிவானத்தில் ஐந்து பாகை கூடுதல் வானம் தெரியும். அகத்திய நட்சத்திரமே ரோட்ஸில் அடிவானத்தை உரசிக்கொண்டுதான் போகும், அலெக்சாந்திரியாவில் தாராளமாக மேலே வரும். தாலமியின் பட்டியல் தெற்கே முடிகிற இடம் ரோட்ஸ் வானத்துக்குப் பொருந்துகிறது, அலெக்சாந்திரியாவுக்குப் பொருந்தவில்லை என்பது அவர் வாதம். அடிவானப் புழுதியும் மங்கலும் எவ்வளவு மறைக்கும் என்பதைப் பொறுத்து இதை இழுத்துப் பறிக்கலாம், இழுத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கனமாகப் படுவது 18 நட்சத்திரங்கள் அடங்கிய ஒரு சிறிய அட்டவணை. அயன சலனத்தை நிறுவத் தாலமி அதைக் கொடுக்கிறார்: வான நடுக்கோட்டிலிருந்து இந்த 18 நட்சத்திரங்களும் எவ்வளவு தள்ளி இருந்தன, டிமோக்காரிஸ் காலத்தில் எவ்வளவு, ஹிப்பார்க்கஸ் காலத்தில் எவ்வளவு, தன் காலத்தில் எவ்வளவு. இந்த அளவுக்குச் சூரியன் எங்கே என்று தெரிய வேண்டியதில்லை. லாப்லாஸின் சமாதானம் இங்கே செல்லாது, அளவுகளும் நன்றாகவே இருக்கின்றன. 18இல் ஆறை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுகிறார், நூறாண்டுக்கு ஒரு பாகை வருகிறது. மீதி 12ஐ அவர் தொடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் டச்சு வானியலாளர் பானக்குக் அந்த 12ஐயும் போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு பாகை வந்தது. சரியான விடை தாலமி கையிலேயே, அவர் ஆதாரமாகக் கொடுத்த எண்களிலேயே இருந்திருக்கிறது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: ஒத்து வராத அந்த 12ஐ அவர் அழித்துவிடவும் இல்லை. மோசடி செய்கிறவர் இப்படித் தடயத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போவாரா?

ஹார்வர்டின் ஓவன் கிங்கரிச் போன்றவர்கள் இந்த இடத்தில்தான் தாலமிக்கு வக்காலத்து வாங்கினார்கள். கொள்கைக்கு ஒத்த அளவுகளை மட்டும் தேர்ந்து காட்டுவது அன்றைய எழுத்து முறை, பாடம் நடத்துகிறவர் கச்சிதமாக வரும் கணக்கைக் கரும்பலகையில் போடுவதைப்போல என்று. ஆறு நட்சத்திர விஷயத்தில் இதை ஒப்புக்கொள்ளலாம். சமநாள் விஷயத்தில் எனக்கு ஒப்பவில்லை. முப்பது மணி நேரம் தவறாக ஓர் அளவைத் தேர்ந்தெடுக்க, முதலில் அப்படி ஓர் அளவு இருந்திருக்க வேண்டுமே.

தாலமி தெரிந்தோ தெரியாமலோ ஹிப்பார்க்கஸ் கணக்கில் வரவு வைத்த தவறான சொத்தும் உண்டு. ஒரு அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிடம் 3⅓ நொடி என்ற அபாரமான எண்ணை ஹிப்பார்க்கஸ் கண்டறிந்ததாக எழுதினார். 1900இல் குக்ளர் என்ற ஜெசுவிட் பாதிரியார் பாபிலோனியக் களிமண் பலகைகளைப் படித்தபோது அதே எண் அங்கே இருந்தது. கடன் வாங்கியவரிடமிருந்து கடன் வாங்கப்பட்டிருக்கிறது. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் 248 சந்திர வாக்கியங்களுக்கு அடியில் இருக்கும் 248 நாள் சுழற்சியும் அந்தப் பலகைகளில் உண்டு. இந்தத் துறையில் எண்கள் ஊர் ஊராகப் போயிருக்கின்றன, வந்த வழியைச் சொன்னவர்கள் குறைவு.

சினாய் ஏடுகள்

பட்டியல் விஷயத்தில் எல்லா வாதமும் முட்டி நின்ற இடம் ஒன்றுதான். திருடப்பட்டதாகச் சொல்லும் பொருளை யாரும் பார்த்ததில்லை. தாலமியின் நூல் வந்தபின் ஹிப்பார்க்கஸைப் படியெடுக்க ஆள் இல்லை, பட்டியல் அழிந்தது. கண்டன நூலில் உதிரியாகக் கிடைக்கும் அளவுகளை வைத்து 1925இல் ஃபோக்ட் 122 நட்சத்திரங்களின் இடங்களை மீட்டெடுத்துத் தாலமியோடு ஒப்பிட்டார். பெரும்பாலும் ஒத்து வரவில்லை, தாலமி குற்றமற்றவர் என்றார். 1990இல் கெர்ட் கிராஸ்ஹாஃப் அதே தரவை வேறு விதமாக அணுகினார். இடங்கள் ஒத்துப்போவதைவிடப் பிழைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார். பரீட்சையில் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் அதே வழி. கண்டன நூலில் பெரிதாகப் பிசகிய நட்சத்திரங்கள் சில தாலமியிடமும் அதே பக்கம் பிசகியிருந்தன. பட்டியலின் கணிசமான பகுதி ஹிப்பார்க்கஸிடமிருந்து வந்ததாக அவர் முடிவு செய்தார்.

2022 அக்டோபரில் பொருளின் ஒரு துண்டே கிடைத்தது. சினாய் மலையடிவாரத்தில் இருக்கும் புனித கேத்தரின் மடாலயத்திலிருந்து வந்த ஒரு தோல் சுவடி. 146 ஏடுகள், பெரும்பகுதி இப்போது வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். மேலே படிக்கக் கிடைப்பது 9, 10ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதிய துறவற நூல். பழைய கிரேக்க, அரமேய ஏடுகளைச் சுரண்டி, அதன்மேல் எழுதியிருக்கிறார்கள். தோல் விலை அதிகம், இது அன்றைய வழக்கம். கேம்பிரிட்ஜில் பீட்டர் வில்லியம்ஸ் தன் மாணவர்களுக்கு இந்த ஏடுகளை ஆராயக் கொடுத்தார். 2012இல் ஒரு மாணவர் அடியில் வானியல் வரிகள் இருப்பதைக் கவனித்தார். பிறகு வெவ்வேறு அலைநீள ஒளியில் ஏடுகளைப் படம் பிடித்து, சுரண்டிய மையைக் கணினியில் எழுப்பினார்கள். 2021இல் வில்லியம்ஸ் அதில் எண்களைப் பார்த்துவிட்டு, பாரிஸில் ஆய்வாளர் விக்டர் கிசெம்பெர்குக்குத் தகவல் அனுப்பினார்.

எழும்பி வந்தது கொரோனா போரியாலிஸ் என்ற வடமகுட மண்டலம். நீளவாட்டில் விருச்சிகத்தின் முதல் பாகையிலிருந்து 10¼ வரை 9¼ பாகை. அகலவாட்டில் வடதுருவத்திலிருந்து 49 பாகை முதல் 55¾ வரை 6¾ பாகை. எல்லை காட்டும் நட்சத்திரங்களையும் குறித்திருக்கிறது. அயன சலனத்தால் இந்த எண்கள் காலத்தோடு மாறும், ஆகவே அவற்றை வைத்தே தேதி போடலாம். போட்டால் கி.மு. 129ஐ ஒட்டி விழுகிறது. அளவுகள் உண்மையிலிருந்து ஒரு பாகைக்குள் இருக்கின்றன, தாலமியைவிடத் துல்லியம். அராட்டஸ் பாட்டின் ஒரு பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் பெருங்கரடி, சிறுகரடி, டிராகன் மண்டலங்களுக்கு இதே பாணியில் எண்கள் இருந்தன. அவையும் ஹிப்பார்க்கஸ் சரக்குதான் என்று இப்போது தெரிகிறது.

இந்தத் துண்டு இரு தரப்பையும் சங்கடப்படுத்தியது. ஹிப்பார்க்கஸ் பட்டியலே போடவில்லை, பிளினி கதை விட்டார் என்றவர்களின் வாய் அடைபட்டது. ஆனால் எண்கள் இருப்பது வான நடுக்கோட்டையும் துருவத்தையும் ஒட்டிய அளவில். தாலமி கொடுத்தது ராசிச் சக்கர அளவில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் முழு எண்கள் எல்லாம் குலைந்து போகும். அப்படியானால் நியூட்டனின் 40 கலைக் குவியல் எங்கிருந்து வந்தது? முழுப் பாகையில் ராசிச் சக்கர அளவு கொண்ட மூலப் பட்டியல் ஒன்று இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். கோளத்தில் குறித்து வாசித்தோ வேறு விதமாகவோ ஹிப்பார்க்கஸே அப்படியும் ஒரு பட்டியல் வைத்திருந்திருக்கலாம், ஆனால் சினாய் ஏடு காட்டுவது அதை அல்ல. வடமகுடத்தின் எண்களை மாற்றிப் பார்த்தாலும் தாலமியுடைய எண்கள் அப்படியே வரவில்லை. தாலமி ஹிப்பார்க்கஸை மட்டுமே படியெடுக்கவில்லை, பல இடங்களிலிருந்து திரட்டியிருக்கிறார் என்பது கிசெம்பெர்க் குழுவின் முடிவு.

என் கணிப்பைக் கேட்டால், நட்சத்திரப் பட்டியல் இரண்டு வழக்குகளில் சின்னது. தாலமி ஹிப்பார்க்கஸிடம் நிறைய எடுத்தார், தன் அளவுகளையும் கலந்தார், எது யாருடையது என்று பிரித்துச் சொல்லவில்லை. 'நாமே பார்த்தோம்' என்பது பட்டியலின் பெரும்பகுதிக்குப் பொய். ஆனால் எடுத்தது தவறல்ல, அதற்குத்தான் ஹிப்பார்க்கஸ் எழுதி வைத்தார். கி.பி. 964இல் பாரசீக வானியலாளர் அல்-சூஃபி, தாலமியின் நெட்டாங்குகளில் 12 பாகை 42 கலையைக் கூட்டித் தன் காலத்துக்குக் கொண்டுவந்தார். அப்படிச் செய்தேன் என்று எழுதியும் வைத்தார், ஒளித்தரங்களை மட்டும் தானே பார்த்துத் திருத்தினார். அவரைத் திருடர் என்று யாரும் சொன்னதில்லை. சமநாள் நேரங்கள்தான் பெரிய வழக்கு. அதில் தாலமி இல்லாத அவதானிப்பை இருந்ததாக எழுதியிருக்கிறார், அதனால் ஒரு தவறான ஆண்டு நீளமும் ஒரு தவறான அயன வேகமும் பல நூற்றாண்டு கூடுதலாக உயிரோடு இருந்தன. ஹிப்பார்க்கஸைப் பற்றி நாம் அறிந்ததில் பாதிக்கு மேல் அதே மனிதர் மூலமாகத்தான் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹிப்பார்க்கஸை உழைப்பாளி, உண்மையை நேசித்தவர் என்று புகழ்ந்ததும் தாலமிதான்.

பட்டியல் வழக்குக்கு இனி தேவை வடமகுடம் போன்ற எளிய மண்டலம் அல்ல, தாலமி மோசமாகப் பிசகிய ஒரு தென்திசை மண்டலம். சரியான எண்கள் இரண்டு பேரிடமும் ஒன்றாக இருந்தால் அதில் அதிசயம் இல்லை, வானம் ஒன்றுதான். அதே தவறான எண் ஹிப்பார்க்கஸின் ஏட்டிலும் இருந்தால் பேச்சு முடிந்தது. புனித கேத்தரின் மடாலயத்தில் இப்படிச் சுரண்டி எழுதிய சுவடிகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, படம் பிடிக்கும் வேலையும் நடக்கிறது.